இல்லமும் ஊர்தியும்: முன் அச்சுக்குப் பூட்டா, பின் அச்சுக்குப் பூட்டா?

கின்னௌர் மாவட்டத்தில் நீர்மின் திட்டமொன்றில் பணியாற்றும் நம் அன்பர் ஒருவர் நீண்ட கடிதம் விடுத்துள்ளார். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லக்கூடிய பழைய வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினாராம். உறுதியான வண்டிதான், ஆயினும் அதன் இரண்டு அச்சுகளில் எதிலும் டிபரென்ஷியல் பூட்டு இல்லை. முன் அச்சுக்குப் பூட்டு அமைத்துக்கொள்ளும்படி சமவெளிப் பட்டறைக்காரர் ஒருவர் கூறியிருக்கிறார். உடன் பணிபுரியும் நண்பரோ பின் அச்சுக்குத்தான் அமைக்கவேண்டும் என்று வாதிடுகிறார். இரண்டுக்கும் செலவிடக் கையில் பொருளில்லை. வயது முதிர்ந்த அன்னையையும் துணைவியாரையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஆண்டில் பல முறை அம்மலைப்பாதையில் ஏறி இறங்கவேண்டிய நிலையில் இருப்பவர் அவர். ஆகவே, இரண்டில் எது என்று நம்மைக் கேட்டிருக்கிறார்.

இக்கேள்வி அவர் ஒருவருக்கே உரியதன்று. டில்லியிலும் சண்டிகரிலும் டேராடூனிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, விடுமுறை வந்தால் ரயிலேறித் தெற்கு நோக்கிச் செல்வதோடு மலைநாடு காணவும் புறப்படுகின்றன. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து லாஹூல் பள்ளத்தாக்கு மிகவும் அணுக்கமாகிவிட்டது. வண்டி விற்போரும் 'பூட்டு' என்னும் சொல்லை விளம்பரங்களில் பெரிய எழுத்தில் பொறிக்கின்றனர். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்வோர்தாம் குறைவு. எனவே இத்திங்கள் நமது பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கினோம்.

முதலில் டிபரென்ஷியல் என்பது யாதென அறிதல் நன்று. தேர் வீதிமுனையில் திரும்புவதைக் கண்டிருப்போர் அறிவர்: உட்புறச் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வெளிப்புறச் சக்கரம் நெடிது சுற்றி வருகிறது. மோட்டார் வண்டிக்கும் இதே விதிதான். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலம் எனக் கொண்டால், வண்டி ஒரு முழு வட்டம் சுற்றி வருவதற்குள் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 9.4 மீட்டர் கூடுதலாக உருளவேண்டும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வேறுபாடு மாறாது. மாட்டுவண்டியில் இதனால் தொல்லை இல்லை. அங்கே ஒவ்வொரு சக்கரமும் அச்சின்மேல் தன் போக்கில் சுழல்கிறது. மோட்டார் வண்டியிலோ இயந்திரத்தின் விசை இரு சக்கரங்களுக்கும் செல்லவேண்டும்; அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் பற்சக்கரக் கூட்டமே டிபரென்ஷியல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சு நாட்டு ஒனெசிஃபோர் பெக்கர் என்பார் நீராவி வண்டிக்காக இதனை அமைத்தார். இது இல்லாவிடில் என்ன நேரும் என்பதை ரயிலில் ஊருக்குச் செல்லும்போது கேட்டிருப்பீர்கள். ரயில் சக்கரங்கள் இரண்டும் அச்சோடு இறுக்கப்பட்டவை. அவற்றின் விளிம்பு சரிவாகக் கடையப்பட்டிருப்பதால் மெல்லிய வளைவுகளை அவை சமாளித்துவிடும். கடும் வளைவிலோ தண்டவாளத்தின்மேல் தேய்ந்து கிறீச்சென்று அலறும்.

இத்துணை அருமையான கருவிக்கு ஒரு குறை உண்டு. அது இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பங்கிடுகிறது. நலிந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே வலிய சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒரு சக்கரம் சேற்றில் நின்று 20 கிலோ அளவு விசையைத்தான் மண்ணில் ஊன்ற இயலும் என்றும், மற்றொன்று உலர்ந்த பாறையில் நின்று 300 கிலோ அளவு ஊன்றவல்லது என்றும் கொள்வோம். பாறையில் நிற்பதற்கும் 20 கிலோதான் செல்லும். மொத்தம் 40. சேற்றிலுள்ள சக்கரம் வெறுமனே சுழல, வண்டி அசையாது நிற்கும். பூட்டு இட்டால் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் கோத்தவைபோல் ஒரே வேகத்தில் சுழலும். சேற்றுச் சக்கரத்தின் 20உடன் பாறைச் சக்கரத்தின் 300உம் சேர்ந்து 320 கிடைக்கும். பூட்டின் பயன் இவ்வளவே. அது புதிய விசை எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாகாமல் காக்கிறது.

நான்கு சக்கர இயக்கம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் வினவலாம். டிரான்ஸ்பர் கேஸை நான்கு சக்கர நிலைக்கு மாற்றினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசை செல்வது மெய்யே. ஆனால் ஒவ்வோர் அச்சிலும் பழைய குறை அப்படியே இருக்கிறது. பள்ளமும் மேடுமான பாதையில் முன் இடச் சக்கரமும் பின் வலச் சக்கரமும் ஒருசேர அந்தரத்தில் தொங்கும் நிலை அடிக்கடி நேர்கிறது. அவ்வமயம் தரையில் ஊன்றி நிற்கும் மற்ற இரு சக்கரங்களும் வாளாவிருக்க, தொங்கும் இரண்டும் காற்றில் சுழலும். இரண்டு அச்சுகளில் ஏதேனும் ஒன்றில் பூட்டு இருந்தாலும் வண்டி நகர்ந்துவிடும்.

பூட்டுகளில் வகைகள் உண்டு. ஓட்டுபவர் விரும்பும்போது கைப்பிடியாலோ மின்விசையாலோ காற்றழுத்தத்தாலோ இடுவன ஒரு வகை. சக்கரங்களின் வேகத்தில் வேறுபாடு மிகும்போது தாமே பூட்டிக்கொள்வன மற்றொரு வகை. இவையன்றி, சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மற்றதற்கு விசையைத் திருப்பும் மின்னணு ஏற்பாடும் உண்டு. அதனைப் பூட்டு என்று விற்பனையாளர் கூறினும் நாம் அவ்வாறு கூறோம். 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் இருப்பது இந்த பிரேக் ஏற்பாடே. போர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் இடும் பூட்டுகள் உள்ளன. 2020இல் வெளிவந்த மகிந்திரா தாரின் சில வகைகளில் பின் அச்சில் தானே பூட்டிக்கொள்ளும் இயந்திர அமைப்பும், 2022இல் இங்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் அச்சுக்கு மின்விசைப் பூட்டும் அமைந்தன. ஒரே ஒரு பூட்டுத்தான் தருவது என்று தீர்மானித்தவர்கள் அதனைப் பின் அச்சிலேயே வைத்திருப்பதைக் காண்க.

அதற்குக் காரணம் வெறும் வழக்கமன்று. ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர் நீளமும், எடையின் மையம் நிலத்திலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் நட்டநடுவிலும் அமைந்த ஒரு வண்டியை 30 பாகைச் சரிவில் நிறுத்திக் கணக்கிட்டுப் பார்த்தோம். சமதரையில் ஆளுக்குப் பாதியாக எடை சுமந்த அச்சுகளில், இப்போது பின் அச்சு நூற்றுக்கு 68 பங்கும் முன் அச்சு 32 பங்கும் சுமக்கின்றன. பெட்டி படுக்கைகளும் பின் இருக்கையில் அமர்ந்தவர்களும் சேர்ந்தால் பின்பங்கு இன்னும் கூடும். எடை எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் பிடிப்பு இருக்கும். பிடிப்பு இருக்கும் இடத்தில் பூட்டை வைப்பதே அறிவுடைமை. ஏற்றத்தில் மாட்டிக்கொள்வோர் தொகை இறக்கத்தில் மாட்டிக்கொள்வோரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை மலையில் வண்டி ஓட்டியோர் அனைவரும் ஒப்புவர். இறக்கத்தில் புவியீர்ப்பே இழுத்துச் செல்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் அன்பரின் வண்டி போன்றவற்றில் சாதாரண நிலையில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை செல்லும். ஆகவே பின் பூட்டு இரு சக்கர நிலையிலும் பயன்தரும். நான்கு சக்கர நிலையிலும் பயன்தரும். முன் பூட்டோ நான்கு சக்கர இயக்கத்தை இட்டாலன்றி எவ்விதப் பயனும் தராது. மேலும், பின் அச்சைப் பூட்டினாலும் ஸ்டியரிங் ஓரளவு சொற்படி கேட்கும். திருப்பும் வட்டம் பெரிதாகும், அவ்வளவே. முன் அச்சைப் பூட்டினால் திருப்பவேண்டிய சக்கரங்களே ஒரே வேகத்தில் சுழலவேண்டியிருப்பதால் வண்டி நேரே செல்லவே முயலும். ஸ்டியரிங் கனக்கும், கையை விட்டால் தானே நேராகும். ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பாதாளமுமாக உள்ள கொண்டை வளைவில் இது சிறு குறையன்று.

முன் அச்சின் உறுப்புகளும் மென்மையானவை. சக்கரம் திரும்பியிருக்கும்போதும் விசையைக் கடத்தவேண்டியிருப்பதால் அங்கே தண்டின் நுனியில் வளையும் மூட்டுகள் அமைந்துள்ளன. பூட்டு இட்டபின், இரு பக்கமும் பங்கிட்டுச் சுமந்த முறுக்குவிசை முழுவதும் ஒரே தண்டின்மேல் விழக்கூடும். அதனோடு, லோ கியர் அவ்விசையை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்காகப் பெருக்கித் தருகிறது. சக்கரத்தை முழுதும் ஒடித்து, பூட்டையும் இட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூட்டு உடைவது வியப்பன்று. ரெக்காங் பியோவுக்கு அப்பால் முன் மூட்டு உடைந்தால் உதிரி உறுப்பு வருவதற்கு எத்தனை நாளாகும் என்பதை அங்கு வாழும் நம் அன்பரே நம்மைவிட நன்கறிவார்.

முன் பூட்டை விரும்புவோர் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. உயர்ந்த பாறைப்படியில் முன் சக்கரங்களை ஏற்றவேண்டிய இடத்தில், பின்னிருந்து தள்ளுவதைவிட முன்னிருந்து இழுப்பது வண்டியை நாம் குறித்த தடத்தில் கொண்டுசெல்லும். பின்னோக்கி மேடேறித் தப்பவேண்டிய நேரத்தில் எடை முன் அச்சில் அழுத்துவதால் முன் பூட்டே கைகொடுக்கும். முன்புறத்தில் இரு சக்கரங்களும் தனித்தனியே தொங்கும் அமைப்புடைய வண்டிகளில் முன் சக்கரம் விரைவில் தரையை விட்டு எழும்பிவிடும். பின்புறமோ முழு அச்சாக இருந்து பள்ளத்தைத் துழாவி நிற்கும். ஆதலால் எழும்பும் பக்கத்தையே பூட்டுக என்பர். சமவெளிப் பட்டறைக்காரரும் இதை எண்ணியே கூறியிருக்கலாம். ஆயினும் அவ்வகை வண்டிகளில்தான் முன் மூட்டுகள் மிகவும் மெலிந்தவை என்பதையும் சேர்த்து நிறுத்தால் தராசு மீண்டும் பின்பக்கமே தாழ்கிறது. பின் அச்சில் ஏற்கெனவே பூட்டுள்ள வண்டியை வாங்கியோர், அதற்குமேலும் கடும் பாதையில் செல்வது மெய்யானால், அப்போது முன் பூட்டைப் பற்றி எண்ணலாம். கோவாவில் 2014 முதல் நடந்துவரும் மழைக்காடு அறைகூவல் போன்ற போட்டிகளில் புகுவோர் இரண்டையும் இட்டுக்கொள்வர். அவர்கள் வண்டியில் பாட்டிமார் அமர்ந்திருப்பதில்லை.

இனிக் கூறப்போவதை இல்லத்தில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் கூடியிருந்து படிக்கவேண்டுகிறோம். பூட்டு எங்கே உதவும் என்பதைவிட எங்கே கெடுக்கும் என்பது உயிர்க்காரியம்.

சுழலும் டயர் முன்னோக்கிய பிடிப்பை மட்டும் இழப்பதில்லை. பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்த பாதையில் பூட்டில்லாத அச்சு வழுக்கும்போது ஒரு சக்கரம்தான் சுழலும். மற்றது சும்மா நின்றாலும் நங்கூரம்போல் வண்டியைப் பக்கவாட்டில் நழுவாமல் தாங்குகிறது. பூட்டிய அச்சிலோ இரு சக்கரங்களும் ஒருங்கே சுழன்று, நங்கூரமே இல்லாமற் போகும். உடனே அவ்வச்சு சரிவின் தாழ்ந்த பக்கம் வழுக்கிச் செல்லும். பின் அச்சானால் வண்டியின் பின்பாகம் பள்ளத்தை நோக்கி ஒதுங்கும். முன் அச்சானால் முகமே ஒதுங்கும், ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினும் பயனிராது. குளிர்காலத்தில், வெயில் படாத மலைமுடுக்குகளில் சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறைந்திருக்கும் பனியில் இது கணப்பொழுதில் நிகழ்ந்துவிடும். அங்கே பூட்டு வேண்டா. சக்கரங்களுக்குச் சங்கிலி வேண்டும். அவ்வூர் ஓட்டுநர்கள் உறைபனியைக் கண்டதும் இறங்கிச் சங்கிலி பூட்டுவதைப் பார்த்து நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. நகைக்கத்தக்கது அதுவன்று.

தானே பூட்டிக்கொள்ளும் வகையை நம் அன்பருக்கு நாம் பரிந்துரையாமைக்கும் இதுவே காரணம். அவற்றுள் நன்கறியப்பட்ட ஒரு வகை, ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று மிகுதியாகச் சுழன்றால் பூட்டிக்கொள்ளும். நகரத்துக்கும் சேற்றுக்கும் அது போதும். ஓட்டுபவர் எதையும் நினைவில் வைக்கவேண்டியதில்லை. ஆனால் பூட்டிக்கொள்ளும் கணத்தைத் தேர்ந்தெடுப்பது அதுவேயன்றி நாமல்லோம். பனியில் அக்கணம் நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

நல்ல தார்ச்சாலையிலும் பூட்டு ஆகாது. டயர் தேயும், தண்டுகள் முறுக்கேறும், வண்டி திரும்ப மறுக்கும். பல வண்டிகளில் பூட்டு இட்டதும் ஏ.பி.எஸ். முதலிய காப்புகள் ஓய்ந்துவிடுகின்றன என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்க.

சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில்தான் பின் பூட்டு தன் விலைக்கு ஈடுசெய்கிறது. பனி உருகி வரும் ஓடைகள் காலையில் மெலிந்தும், பிற்பகலில் பெருகியும் ஓடுகின்றன. ஆதலின் வைகறையிலேயே புறப்படுதல் முதல் விதி. கிராம்பூவிலிருந்து பாதல் வழியாகக் குன்சும் கணவாய்க்குச் செல்லும் பாதையில் இவ்வோடைகள் பல. கின்னௌரில் நாக்கோவை அடுத்த மல்லிங் ஓடையும் நிலச்சரிவுக்கு நெடுங்காலமாகப் பெயர்போனது. நீருக்கடியிலுள்ள உருண்டைக் கற்களில் ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும். பூட்டில்லா வண்டி அங்கேதான் நடுநீரில் நின்றுவிடும். பூட்டைக் கரையிலேயே, வண்டியை நிறுத்தியோ ஊர்ந்தபடியோ இடவேண்டும். நீருக்குள் சக்கரம் வேகமாகச் சுழலத் தொடங்கியபின் இட்டால் பற்கள் மோதி உடையும். அக்கரை ஏறியதும் விடுவித்துவிடவேண்டும்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். ஓர் அச்சுக்கான பூட்டும், காற்றழுத்த வகையானால் அதற்குரிய கம்ப்ரஸரும், பொருத்துகூலியும் சேர்ந்து இலட்ச ரூபாயை எட்டக்கூடும். அன்பரின் டயர்கள் தேய்ந்தவை என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி காண்கிறோம். அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை போலும், நாம் எண்ணுகிறோம். தேய்ந்த டயரில் பூட்டு இடுவது ஓட்டைக் குடத்துக்குப் பொன்மூடி செய்வதை ஒக்கும். முதல் செலவு நான்கு நல்ல டயர்கள். அடுத்து ஒரு காற்றழுத்தமானியும், சிறு காற்றுப் பம்பும், உறுதியான இழுவைப் பட்டையும். மணலிலும் சேற்றிலும் டயரின் காற்றை 30க்கு மேலிருந்து 18 பவுண்டு அளவுக்குத் தணித்தாலே பெரும்பாலான இடர்கள் நீங்கும். ஜெய்சல்மேர் மணற்குன்றுகளில் எல்லாச் சக்கரங்களும் ஒன்றுபோல் புதைவதால் பூட்டைவிட இதுவே மிகுதியும் உதவும். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் நிரப்பிவிடுதல் கட்டாயம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை அதன் உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாகத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று கூறுவதை நம்பி இறங்காமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்னரே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளவேண்டும். விபத்து நேர்ந்தபின் காப்புறுதிக்காரர் அச்சைத் திறந்து பார்க்க நேரிட்டால் பட்டறைக்காரர் உடன் வரமாட்டார்.

ஆகவே நம் அன்பருக்கு விடை இது. இவ்வாண்டு டயர்களை மாற்றுக. கையில் மீதமும் அலுவலகங்களின் இசைவும் இருந்தால், பின் அச்சுக்கு, ஓட்டுபவர் தாமே இட்டு விடுவிக்கும் பூட்டைப் பொருத்துக. முன் அச்சை அவ்வாறே விட்டுவிடுக. துணைவியாரும் வண்டி ஓட்டுவதாகக் குறித்திருக்கிறீர்கள். அவரும் அமர்ந்து பூட்டை இடவும் விடுவிக்கவும் பழகியபிறகே மலையேறவேண்டும். ஈரமான ஒரு மைதானமோ வயலோரப் புழுதித் தடமோ அதற்குப் போதும்.

பொருத்தியபின் பூட்டை மாதம் ஒரு முறையேனும் அத்தகைய மெத்தென்ற தரையில் இட்டுப் பார்த்தல் நன்று. பயன்படாத பூட்டு வேண்டிய நாளில் இறுகிக் கிடக்கும். ஓடை கடந்துவந்த பிறகு அச்சிலுள்ள எண்ணெய் பால்நிறமாகியிருந்தால் நீர் புகுந்தது என அறிந்து உடனே மாற்றிவிடவேண்டும். விடுவித்த பின்னும் பூட்டு விளக்கு அணையாது எரிந்தால் அஞ்சவேண்டியதில்லை. தண்டுகள் முறுக்கேறியிருக்கின்றன என்பதே பொருள். ஸ்டியரிங்கை நேராக்கி, வண்டியைச் சில அடி பின்னோக்கிச் செலுத்தினால் பற்கள் தளர்ந்து விளக்கு அணைந்துவிடும். அது அணையும்வரை வளைவில் திருப்பாதீர்கள்.